ஆட்கொல்லிப் புலியும் பேச்சிழந்த பெண்ணும்



வேட்டை நூல் என்றதும் வேட்டைக்காரனின் வீரமே நினைவுக்கு வருகிறது. செத்த விலங்கின் அருகே துப்பாக்கியுடன் நிற்கும் புகைப்படம் அதன் அடையாளம். 1944இல் வெளியான ஜிம் கார்பெட்டின் 'குமாவூன் ஆட்கொல்லிகள்' நூலையும் பலர் அப்படியே படித்து முடித்துவிடுகின்றனர். அதன் முதல் வேட்டையான சம்பாவத் பெண்புலியின் வரலாற்றைக் கவிஞர்கள் வேறு கண்கொண்டு படிக்க வேண்டும்.

நேபாளத்திலும் குமாவூனிலுமாக அப்புலி கொன்றவர்கள் 436 பேர் என்பது கார்பெட் தரும் கணக்கு. புல்லறுக்கவும், மாட்டுக்குத் தழை ஒடிக்கவும், சுள்ளி பொறுக்கவும் சென்ற பெண்கள் இதற்குப் பலியாயினர். பாலி என்னும் ஊரில் ஐந்து நாள்களாக எவரும் வாசற்படி தாண்டவில்லை. அச்சம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

புலிக்கு மனிதன் இயல்பான இரையன்று. காயமோ முதுமையோதான் அதனை ஆட்கொல்லியாக்குகிறது என்பது கார்பெட்டின் முடிவு. முக்தேசர்ப் புலியின் முன்னங்காலில் முள்ளம்பன்றியின் முட்கள் ஏறத்தாழ ஐம்பது புதைந்திருந்தன. ஒரு கண்ணும் போயிருந்தது. சம்பாவத் புலிக்கோ வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. உடைத்தது யாரோ ஒருவனின் துப்பாக்கிக் குண்டு! சங்கக் குறிஞ்சியின் புலி களிற்றோடு பொருத புலி. துப்பாக்கியை அறியாத புலி. இந்த வேறுபாடு எண்ணத்தக்கது.

1907இல் வேட்டைக்கு இசைந்தபோது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அறிவித்த பரிசுப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களை அழைத்துக்கொள்ள வேண்டும். சம்பாவத்தில் 298 பேர் மலைமுகட்டில் நின்று கூச்சலிட்டுப் புலியை விரட்டினர். கையிலிருந்த தோட்டாக்கள் மூன்றும் தீர்ந்துபோக, தாசில்தாரின் துப்பாக்கியை ஓடிச்சென்று வாங்கி வந்தே அவரால் வேட்டையை முடிக்க முடிந்தது. தம் பதற்றத்தை அவர் மறைக்கவில்லை.

ஆனால் நெஞ்சில் நிற்பது அந்தக் குண்டன்று. கடைசியாகப் பலியான இளம்பெண் விழுந்த மரத்தடியில் குருதியும், அறுந்த கழுத்துமாலையின் நீல மணிகளும் கிடந்தன. கொங்கு நாட்டில் புலியோடு பொருது மாண்ட வீரனுக்குப் புலிகுத்திக்கல் நட்டார்கள். சுள்ளி பொறுக்கப் போய் மாண்டவளுக்குக் கல் ஏது? கார்பெட் அந்த மணிகளையாவது எழுதி வைத்தார். அவள் பெயரை எழுதாதது குறையே.

பெயரில்லாத இன்னொரு பெண்ணும் அதில் வருகிறாள். ஓராண்டுக்கு முன் அக்காளும் தங்கையுமாகப் புல்லறுத்துக்கொண்டிருந்தபோது புலி அக்காளைக் கவ்விச் சென்றது. தங்கை அரிவாளை ஓங்கியபடி, அவளை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று கதறிக்கொண்டே புலியின் பின்னால் ஓடினாள். ஊரார் கண்ட காட்சி இது. நூறு கசம் சென்றதும் புலி உடலைக் கீழே போட்டுவிட்டு அவள்மீது பாய்ந்தது. திரும்பி ஓடி ஊர் வந்து சேர்ந்தவள் நடந்ததைச் சொல்ல வாய் திறந்தாள். பேச்சு வரவில்லை. உலகத்து வேட்டை நூல்களில் இவளுக்கு நிகரான வீரர் எத்தனை பேர்? இவள் கையில் துப்பாக்கி இல்லை. புலியிடம் இவள் கேட்டதும் தன் உயிரையன்று.

வேட்டை முடிந்து திரும்பும் வழியில் கார்பெட் அவள் வீட்டின்முன் நின்று புலித்தோலை விரித்தார். பிள்ளைகள் ஓடி வந்தனர். அவளும் வந்து பார்த்தாள். மறுகணம், சாகிப் கொண்டுவந்திருப்பதை விரைந்து வந்து பாருங்கள் என்று கணவனையும் ஊராரையும் உரக்கக் கூவி அழைத்துக்கொண்டிருந்தாள்.