ஆங்கில நிகழ்காலமும் தமிழ்ப் பிள்ளையும்



ஆங்கில வினைச்சொல்லின் வடிவங்களுள் சாதாரண நிகழ்காலம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் போதிக்கும் வழியை ஆராய்வதற்கென்றே இக்கருத்தரங்கைக் கூட்டி, அதன் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு என் மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். விஷயம் சுருங்கியிருப்பதே இந்தக் கூட்டத்தின் விசேஷம் என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலக் கல்வியின் எதிர்காலம் என்பது போன்ற விரிந்த தலைப்புகளில் நாம் பலமுறை கூடியிருக்கிறோம், தீர்மானங்களும் நிறைவேற்றியிருக்கிறோம். ஆனால், நான்காம் ஆண்டு வகுப்பில் வெண்பலகையின் முன் நிற்கும் ஆசிரியைக்கு, ‘ஷீ கோ’ என்று எழுதிய பிள்ளையை ‘ஷீ கோஸ்’ என்று எழுதச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு, அத்தீர்மானங்கள் எவற்றிலும் விடை இருந்ததில்லை.

நாம் கூடியிருக்கும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இந்தக் கேள்விக்கு அந்நியமான இடமன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வே இலாகாவிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்த தமிழர்களில் பலர் குடியேறிய வட்டாரம் இது. 1904இல் இங்கே விவேகானந்த ஆசிரமம் தோன்றியதும் அவர்களுடைய முயற்சியால்தான். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி போன்ற கலாசாலைகளால் வளர்ந்த ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு ஊரிலேயே வாய்த்திருந்தது. அதே காலத்தில் நாகப்பட்டினத்துக் கப்பல்களில் வந்து இறங்கி, கிள்ளான், காப்பார், கேரித் தீவு ஆகிய பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் பிள்ளைகளுக்கோ, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்த பிறகும், தமிழில் எழுத்தும் கணக்கும் கற்றதோடு படிப்பு பெரும்பாலும் முடிந்துபோயிற்று. ஒரே பாஷை பேசிய இரு சாராரில் ஒரு சாரார் பேனா பிடித்ததற்கும் மறு சாரார் பால்வாளி சுமந்ததற்கும் ஆங்கிலம் பிரதான காரணங்களில் ஒன்றாக இருந்தது. அந்தப் பிளவு இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும், வேலைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞரின் கடிதத்தில் ‘மை ஃபாதர் வொர்க்’ என்று இருந்தால், அவருடைய திறமையையும் குணத்தையும் அறிந்துகொள்ளும் முன்பே அக்கடிதம் ஒதுக்கப்படும் நிலை மறையவில்லை. இந்தச் சிறு இலக்கணத்தைப் பற்றி நான் இவ்வளவு கவலை கொள்வதற்கு அதுவே காரணம்.

பாடத்திட்டங்கள் வந்தன, போயின. 2003இல் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் போதிக்கப்படலாயின. 2009இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட முடிவாயிற்று. பின்னர் சி.இ.எஃப்.ஆர். என்னும் ஐரோப்பிய அளவுகோலின்படி ஆங்கிலப் பாடம் திருத்தியமைக்கப்பட்டு, கேம்பிரிட்ஜ் வெளியீடான ‘சூப்பர் மைண்ட்ஸ்’ தொடக்க வகுப்புகளின் பாடநூலாயிற்று. அது நன்றாக எழுதப்பட்ட நூல். பிள்ளைகள் விரும்பிப் புரட்டும் நூல். ஆனால் பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒரு நூலில், வீட்டில் தமிழும் வெளியில் மலாயும் பேசும் கிள்ளான் பிள்ளைக்கென்று தனியான குறிப்பு இருக்க நியாயமில்லை. அக்குறிப்பை எழுத வேண்டியவர்கள் நாம்.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையை, அவளுடைய ஆசிரியையின் அனுமதியோடு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஐந்து வாக்கியங்கள் சிவப்பு மையால் வளைக்கப்பட்டிருந்தன. ‘மை ஃபாதர் வில் வேக் அப் ஃபைவ் ஓ க்ளாக்’ என்பது முதலாவது. ‘ஹீ இஸ் வொர்க் இன் போர்ட் கிள்ளான்’ என்பது அடுத்தது. அதன்பின் ‘மை மதர் இஸ் குக்கிங் எவ்ரி டே’. பிறகு ‘மை பிரதர்ஸ் லைக்ஸ் ஃபுட்பால்’. கடைசியாக ‘ஐ ஆம் நாட் லைக் ஃபிஷ்’. ஐந்துக்கும் ஓரத்தில் ஒரே குறிப்புத்தான் இருந்தது: காலப் பிழை. நேர்மையாகத் திருத்திய ஆசிரியையை நான் குறை கூறவில்லை. நாற்பது புத்தகங்களை இரவில் திருத்துகிறவர் வேறென்ன எழுத முடியும்? ஆனால் இந்த ஐந்து பிழைகளும் ஒரே பிழையல்ல. அவை வெவ்வேறு வாசல்கள் வழியாக உள்ளே நுழைந்திருக்கின்றன.

முதல் வாக்கியத்தையும் மூன்றாவதையும் பாருங்கள். அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார் என்று அவள் மனத்தில் ஓடியது, ‘வில்’ வந்தது. அம்மா தினமும் சமைக்கிறார் என்று ஓடியது. ‘இஸ் குக்கிங்’ வந்தது. தமிழில் இரண்டும் செம்மையான வாக்கியங்களே. ‘போவார்’ என்னும் நம் சொல் நாளைக்குப் போவதையும் உணர்த்தும், நாள்தோறும் போவதையும் உணர்த்தும். ‘போகிறார்’ என்பதும் அவ்வாறே, இக்கணத்தில் போவதையும் வழக்கமாகப் போவதையும் உணர்த்தும். ஆங்கிலமோ நாளைய செயலுக்கு ‘வில் கோ’ என்றும் இக்கணத்துச் செயலுக்கு ‘இஸ் கோயிங்’ என்றும் ஒதுக்கிவிட்டு, வழக்கத்துக்கென்று ‘கோஸ்’ என்பதைத் தனியாக வைத்திருக்கிறது. அதாவது, தமிழின் இரண்டு வினைவடிவங்களிலிருந்தும் பாதிப் பாதிப் பொருளை எடுத்துச் சேர்த்த இடத்தில் ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலம் நிற்கிறது. இதை அறியாத பிள்ளை, ஒரு நாள் ‘வில்’ போட்டும் மறுநாள் ‘இங்’ போட்டும் திருத்தம் வாங்கி, இந்த மொழிக்கு நியதியே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

இவ்விடத்தில் நம்முடைய பழைய இலக்கண நூலொன்று நமக்குத் துணை வருகிறது. முக்காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கும் பொருளை எந்தக் காலத்தால் சொல்வது என்ற வினாவைத் தொல்காப்பியர் வினையியலில் எழுப்பி, அதை நிகழ்காலத்துக்குரிய ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் சொல்லுக என்று விதித்திருக்கிறார். மலை நிற்பதையும் ஞாயிறு இயங்குவதையும் உரையாசிரியர்கள் அதற்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். இன்று நாம் நிகழ்காலத்துக்கே உரியவையாகக் கருதும் கின்று, கிறு ஆகிய இடைநிலைகளைத் தொல்காப்பியம் பேசவில்லை. அவற்றை ஆநின்று என்பதோடு சேர்த்து எண்ணியவர் நன்னூல் செய்த பவணந்தி. ஆகவே, பொது உண்மையையும் நிலையான தன்மையையும் உணர்த்த ஒரு தனி வினைவடிவம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. சூரியன் கிழக்கே உதிக்கும், தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று விஞ்ஞான வகுப்பில் சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தை ஏற்கெனவே தமிழில் பேசிக்கொண்டிருக்கிறது. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் செல்லும் கொமுட்டர் ரயில் நாளைக் காலை எத்தனை மணிக்குப் ‘புறப்படும்’ என்று நாம் கேட்பதும், அட்டவணையைப் பார்த்து ஆங்கிலேயர் ‘லீவ்ஸ்’ என்று விடை சொல்வதும் ஒரே மனநிலையில் பிறந்தவை.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்டிங்’ என்று சொல்லலாகாது, அறிதல், விரும்புதல், புரிதல் முதலிய வினைகள் ‘இங்’ ஏற்கமாட்டா என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்கிறோம். அதே வினைகளைத் தமிழில் வைத்துப் பாருங்கள்: தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும், போதும். எல்லாம் ‘உம்’ ஈற்றவை. இரண்டு ரிங்கிட் இருந்தால் போதும் என்கிறோம். ‘போதுகிறது’ என்று ஒரு குழந்தையும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘இங்’ ஏற்க மறுக்கும் வினைகளில் முக்கியமானவை தமிழிலும் ‘கிற’ என்பதைவிட ‘உம்’ என்பதையே நாடுகின்றன என்னும் இந்தப் பொருத்தத்தை வகுப்பில் பத்து நிமிஷத்தில் காட்டிவிடலாம். அதைக் காட்டிய வகுப்புகளில் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலை மனனம் செய்யும்போது அந்த மலர்ச்சி வருவதில்லை.

எதிர்மறையில் தமிழ் இன்னும் தெளிவாக வழிகாட்டுகிறது. அப்பா வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிடுவதில்லை என்பது வழக்கம். இன்றிரவு சாப்பிடமாட்டார் என்பது இனி நடக்கப்போவது. பேச்சில் இரண்டாவது வடிவம் முதலாவதன் இடத்தையும் சில சமயம் பிடித்துக்கொள்கிறது என்றாலும், வேற்றுமை பிள்ளையின் காதுக்குப் பழக்கமானதே. முன்னதற்கு ‘டஸ் நாட்’, பின்னதற்கு ‘வில் நாட்’. உடன்பாட்டில் ஒன்றாய்க் குழம்பிக் கிடப்பவை எதிர்மறையில் தாமாகவே பிரிந்து நிற்பதால், சாதாரண நிகழ்காலத்தை எதிர்மறையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. இது பாடநூல்களின் வரிசைக்கு மாறானது. உங்கள் ஆட்சேபங்களைக் கேட்க ஆவலாயிருக்கிறேன். அப்படி எதிர்மறையிலிருந்து தொடங்கும்போது, ‘டஸ்’ வந்ததும் வினையிலிருந்த ‘எஸ்’ போய்விடுவது ஏன் என்று பிள்ளை கேட்கும். வீட்டுக்கு ஒரே சாவி. அண்ணன் எடுத்துப் போனால் தம்பியிடம் இராது என்று நான் விடை சொல்வது வழக்கம்.

இனி அந்த ‘எஸ்’. ‘மை பிரதர்ஸ் லைக்ஸ்’ என்று எழுதிய பிள்ளையைச் சற்று அனுதாபத்தோடு நோக்க வேண்டும். பெயர்ச்சொல்லின் பின் ‘எஸ்’ வந்தால் பன்மை என்று இரண்டு ஆண்டு படித்தவள், பலராகிய அண்ணன்மாரின் வினைக்கும் அதையே சேர்த்தாள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு வேண்டும் என்னும் தமிழ் உணர்ச்சிதான் அவளை அவ்வாறு செய்யத் தூண்டியது. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகின்றன என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் ஈறு வைத்துப் பேசும் குழந்தை அவள். மலாய் வகுப்பிலோ சாயா பெர்கி, டியா பெர்கி என்று யார் போனாலும் வினை மாறுவதில்லை. எல்லாம் மாறும் தமிழுக்கும் எதுவும் மாறாத மலாய்க்கும் நடுவே, ஒரேயோர் இடத்தில் மட்டும் மாறும் ஆங்கிலம் வந்து நிற்கிறது. ‘ஹீ இஸ் வொர்க்’, ‘ஐ ஆம் நாட் லைக்’ என்று அவள் எழுதியதும் இதனோடு சம்பந்தப்பட்டதே. முதல் ஆண்டின் முதல் பாடங்களில் ‘ஐ ஆம்’, ‘ஹீ இஸ்’ என்று நாம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை, எழுவாய் வந்தால் உடன் வரவேண்டிய ஒரு துணையென்று அவள் கொண்டுவிட்டாள்.

இந்த ‘எஸ்’ தாமதமாகவே வரும் என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் மனத்தில் இருத்த வேண்டும். அமெரிக்க உளநூலறிஞர் ரோஜர் பிரவுன் ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூலில், பதினான்கு இலக்கண உருபுகள் குழந்தையின் பேச்சில் நிலைபெறும் வரிசையைத் தந்தார். அதில் முதலில் வருவது ‘இங்’. பன்மை ‘எஸ்’ அதற்குச் சற்றுப் பின்னே. படர்க்கை ஒருமை ‘எஸ்’ இறந்தகால ‘எட்’டுக்கும் பிறகு. இங்கிலாந்திலேயே நார்ஃபோக் வட்டாரத்தின் பேச்சில் ‘ஹீ கோ’ என்பது இன்றும் வழங்குகிறது. ஆங்கிலேயக் குழந்தைக்கே பொறுத்திருந்து வருவதைத் தமிழ்ப் பிள்ளை ஒரே தவணையில் பெற்றுவிட வேண்டும் என்று எதிர்பார்த்து, அது வரவில்லையென்று பிள்ளையைக் கடிந்துகொள்வது அநியாயம்.

ஆங்கில வகுப்பில் தமிழ் காதில் விழக்கூடாது என்ற கொள்கையைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் இருபது காசு அபராதம் என்று உண்டியல் வைத்த வகுப்புகளை நான் அறிவேன். ஆங்கிலத்தை நிறையக் கேட்கவும் பேசவும் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் பெங்களூர்ப் பரிசோதனையை நடத்திய என்.எஸ். பிரபு, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு பிள்ளைகளைச் சிந்திக்கவைத்தாலே இலக்கணம் தானாக மனத்தில் அமையும் என்று நம்பினார். அந்தப் பயிற்சிகளை நானும் பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறேன். ஆனால் பிழையின் வேர் தமிழில் இருக்கும்போது, அந்த வேரைத் தமிழில் தொட்டுக் காட்டும் ஐந்து நிமிஷத்தை ஆசிரியரிடமிருந்து பறிக்கலாகாது. பிள்ளையின் தாய்மொழியை அறிந்த ஆசிரியர் என்னும் பாக்கியம் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலான வகுப்புகளுக்கு இருக்கிறது. உலகில் ஆங்கிலம் கற்கும் பல கோடிப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை.

இந்த இரண்டு நாளில் நீங்கள் வாசிக்கப்போகும் கட்டுரைகளிடம் நான் வேண்டுவது இதுதான்: கொள்கை விவாதத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பிள்ளைகள் உண்மையில் எழுதிய வாக்கியங்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், அப்பிள்ளை மனத்தில் வைத்திருந்த தமிழ் வாக்கியம் இன்னதென்று ஊகித்து எழுதுங்கள். முடிந்தால் பிள்ளையையே கேட்டு எழுதுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு அவற்றை ஒரே தொகுப்பாக்கினால், அடுத்த பள்ளித் தவணைக்குள் ஆசிரியர் கைநூல் ஒன்றைத் தயாரித்துவிடலாம். கிள்ளானிலிருந்து வந்திருக்கும் ஆசிரியைகள் சிலர் தங்கள் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைக் கொண்டுவந்து பின்வரிசை மேசைமேல் வைத்திருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் அனைவரும் அவற்றைப் பார்வையிட வேண்டுகிறேன். காலை அமர்வு எதிர்மறை வாக்கியங்களைப் பற்றியது. முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.