விளையாட்டுக்குக் காசு கேட்கலாம், மறைச்சுக் கேட்கக் கூடாது

(கந்தர்வக்கோட்டையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் பேச வந்தா வங்கிக் கடன், பதிவேடு, தணிக்கை என்றுதான் பேசுவேன். இன்றைக்குச் செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரு அக்கா, "அது பயலுவ சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்விதான். ஆடுறது பயலுவதான். ஆனா போறது யார் பணம்? நம்ம சேமிப்புக் கணக்குல இருக்கிற பணம். அதனாலதான் இந்தப் பேச்சு.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். பெயர், ஊர் வேண்டாம். நம்ம குழு ஒன்றில் ஒரு உறுப்பினர். முந்திரி வறுக்கிற வேலைக்குப் போறவங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார். கடன் தவணை கட்ட வேண்டிய நாளில் கணக்கைப் பார்த்தால் 4,200 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 600 ரூபாய்தான் இருக்கு. வங்கியில் பாஸ்புக்கைப் பதிஞ்சு வாங்கிப் பார்த்தோம். யாரும் மொத்தமாக எடுக்கவில்லை. 29 ரூபாய், 79 ரூபாய், 159 ரூபாய் என்று 27 தடவை போயிருக்கு. ஒன்பதாவது படிக்கிற பையன் செல்போன் விளையாட்டில் கட்டியிருக்கான்.

ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. கடைக்குப் பணம் அனுப்புறது, கேஸுக்குக் கட்டுறது எல்லாம் அவன்தான் செய்வான். "எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க மேடம், அவன்தான் எனக்கு எல்லாம்"னு சொல்லி அழுதாங்க.

குழுக் கூட்டத்தில் ரெண்டு பேர், "பிள்ளைய வளர்க்கத் தெரியல, அபராதம் போடுங்க"ன்னு சொன்னாங்க. அன்றைக்கு நான் அந்தப் பையன்கிட்ட தனியா உட்கார்ந்து கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொல்றேன்: "நாலு பேரு ஒரு டீம் மிஸ். மூணு பேரும் சட்டை, துப்பாக்கி எல்லாம் வாங்கிட்டாங்க. நான் மட்டும் சும்மா நின்னா நூப்புன்னு சொல்றாங்க. டீம்ல சேர்க்க மாட்டேங்கிறாங்க." நூப்புன்னா ஒன்றும் தெரியாதவன், ஒன்றும் இல்லாதவன்னு அர்த்தம். நம்ம பிள்ளை அந்தச் சொல்லுக்குப் பயந்து கட்டியிருக்கான். சேர்ந்து ஆடுற ஆட்டத்தில் பணம் இப்படித்தான் கறக்கப்படுது.

காசு கேட்பதே தப்பா?

இல்லை. இதை முதலில் தெளிவா வைச்சுக்குவோம். ஊர் ஊராக இருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுக்கு ராத்திரி பகலா பெரிய கம்ப்யூட்டர்கள் ஓட வேண்டும். கரண்டு செலவு, ஆள் சம்பளம், கள்ள ஆட்டம் ஆடுறவனைப் பிடிக்கிற வேலை எல்லாம் மாசாமாசம் உண்டு. உழைச்சவங்களுக்குக் கூலி வேணும். திருவிழாவில் ராட்டினம் போடுறவர் ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு கேட்கிறார். நாம சண்டை போடுறதில்லையே.

முன்னாடி இந்த விளையாட்டுகளும் அப்படித்தான் காசு கேட்டன. அமெரிக்காவில் 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டுக்கு மாதம் சுமார் 10 டாலர் சந்தா. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு மாதம் சுமார் 15 டாலர். கட்டினால் ஆடலாம், கட்டாவிட்டால் ஆட முடியாது. நம்ம பக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவுன்னு போர்டு எழுதி வைச்சிருப்பாங்க. எவ்வளவு போகுதுன்னு கட்டுறவருக்குத் தெரியும்.

அப்புறம் "இலவசம்" வந்தது. ஏன் இலவசம்? நாலு பேர் ஆடுற ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். காலியான மைதானத்தில் யார் காசு கட்டுவாங்க? அதனால் எல்லாரையும் சும்மா உள்ளே விடுறாங்க. பெரும்பாலான பேர் கடைசி வரை ஒரு பைசா கட்டுறதில்லை. கொஞ்சப் பேர்தான் நிறையக் கட்டுறாங்க. அப்படி அதிகம் கட்டுறவருக்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் உண்டு: திமிங்கலம். யோசிச்சுப் பாருங்க, திமிங்கலம்னு பெயர் வைச்சா வலையோட காத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்? சும்மா ஆடுற பிள்ளையும் அவங்களுக்கு வேணும். காசு கட்டினவன் ஜெயிக்கிறதுக்குத் தோற்கிற ஆள் வேணுமில்லையா?

நம்ம குழுவின் அளவுகோல்

எது நியாயமான கட்டணம்னு கண்டுபிடிக்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டாம். சந்தா எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று கூடிப் பேசித் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவங்க நாம. அதே அளவுகோலை இந்த விளையாட்டு மேல வைச்சுப் பார்ப்போம்.

ஒன்று, விலை ரூபாயில் தெரிய வேண்டும். 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' விளையாட்டில் டைமண்ட் வாங்கணும், 'பிஜிஎம்ஐ' விளையாட்டில் யூசி வாங்கணும். அதை வைச்சுத்தான் உள்ளே சாமான் வாங்க முடியும். ஒரு சட்டை இத்தனை டைமண்ட்னு போட்டிருந்தா, அது எத்தனை ரூபாய்னு பிள்ளைக்குச் சட்டுன்னு தோணாது. நமக்குத் தேவையான அளவுக்கு மட்டும் டைமண்ட் வாங்கவும் முடியாது, கட்டுக் கட்டாகத்தான் கிடைக்கும். கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதை வீணாக்க வேண்டாமேன்னு திரும்ப வாங்கத் தோணும். கூலியைக் காசாத் தராமல் டோக்கனாத் தந்து, "என் கடையிலதான் வாங்கணும்"னு சொன்னா நாம ஒத்துக்குவோமா?

ரெண்டு, கட்டினால் என்ன கிடைக்கும்னு முன்னாடியே தெரிய வேண்டும். சில விளையாட்டில் ஒரு பெட்டியை விலைக்கு வாங்கணும். உள்ளே நல்ல சாமான் இருக்கலாம், ஒன்றுக்கும் ஆகாததும் இருக்கலாம். பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டையைக் கிழிச்ச கதைதான். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே காசு கட்டித் திறக்கிற இந்தப் பெட்டி சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. நம்ம தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். பெரியவங்களுக்கே வேண்டாம்னு நிறுத்தின பழக்கம், பிள்ளைங்க கைக்கு வேற பெயரில் வரலாமா?

மூன்று, காசு ஆட்டத்தைச் சாய்க்கக் கூடாது. நம்ம ஊர்களில் கபடிப் போட்டி நடக்குது. நுழைவுக் கட்டணம் உண்டு. எல்லா அணிக்கும் ஒரே தொகை. கட்டின பிறகு கோட்டுக்குள்ள எல்லா அணியும் ஏழு பேர்தான். "கூடுதலா ஐந்நூறு கட்டினால் எட்டாவது ஆளை இறக்கலாம்"னு ஒரு கமிட்டி அறிவிச்சா எப்படி இருக்கும்? கூட்டம் சும்மா விடுமா? ஆனா செல்போனில் அது நடக்குது. காசு கட்டினவனுக்குக் கூடுதல் பலம் உள்ள ஆயுதம் தர்ற விளையாட்டு இருக்கு. அழகுக்குச் சட்டை விற்கட்டும், தொப்பி விற்கட்டும். அது விருப்பம். வெற்றியை விற்கிறது விளையாட்டே இல்லை.

நான்கு, கட்டுறவருக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சுக் கட்ட வேண்டும். பிள்ளை அமுக்கினதுக்கு அம்மா பணம் போறது சம்மதம் ஆகாது. அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கிற அரசு ஆணையம் இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்களையே கேள்வி கேட்டிருக்கு. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் ஆப்பில் வாங்கியதற்காக, குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர 2014இல் ஆப்பிள் நிறுவனம் ஒத்துக்கொண்டது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்துகிற எபிக் நிறுவனம், தெரியாமல் கை பட்டாலே பணம் போகிற மாதிரி பட்டன் வைச்சதற்காக 24.5 கோடி டாலர் தர வேண்டும் என்று 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது.

நம்ம நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. இணையத்தில் ஆளை மயக்கிப் பணம் பறிக்கிற 13 தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்காங்க. "இன்னும் அஞ்சு நிமிஷம்தான், உடனே வாங்கு"ன்னு பொய்யா அவசரப்படுத்துறது ஒன்று. சந்தாவில் சேர்றது சுலபமாவும் விலகுறது கஷ்டமாவும் வைக்கிறது ஒன்று. வேண்டாம்னு சொல்றவரை வெட்கப்படுத்துறது ஒன்று. திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்கிறது ஒன்று. உங்க பிள்ளை ஆடுறப்ப பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, இதுல எத்தனை வருதுன்னு நீங்களே எண்ணலாம்.

பந்தயம் வேற, கட்டணம் வேற

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும். ரம்மி மாதிரி பணம் வைச்சு ஆடி, ஜெயிச்சால் பணம் வரும்னு சொல்றது பந்தயம். அதனால் தமிழ்நாட்டில் உயிர்களே போயிருக்கு. 2022இல் நம்ம சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுமைக்குமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைச்சு ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்றும், விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்றும் அதில் இருக்கு. ஆடி ஏமாந்தவரை அந்தச் சட்டம் தண்டிக்கவில்லை.

அதே சட்டம், பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தாவோ, ஒரு தடவை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம்னும் சொல்லுது. பாருங்க, நம்ம கபடிப் போட்டிக் கணக்குத்தான் அது. ஆனா பந்தயமும் இல்லாமல், நேரான சந்தாவும் இல்லாமல், நடுவுல நிக்குது பாருங்க இந்தப் பெட்டியும் டைமண்டும், அங்கேதான் நம்ம கவனம் வேணும்.

நாம என்ன செய்யலாம்?

முதலாவது, ரகசிய எண்ணை இன்றைக்கே மாத்துங்க. நீங்களே போடக் கத்துக்குங்க. யாரையாவது நம்பித்தான் ஆகணும்னா, நம்ம குழு ஊக்குநர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கலாம். பிள்ளை மேல சந்தேகப்பட்டு இதைச் செய்யச் சொல்லல. அவன் சுமக்க முடியாத சுமையை அவன் தலையில வைக்க வேண்டாம்னு சொல்றேன்.

ரெண்டாவது, போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி வைக்கலாம். பணம் அனுப்புற ஆப்பில் 'ஆட்டோபே'ன்னு ஒரு இடம் இருக்கும். மாசாமாசம் தானா போற பணம் அங்கே தெரியும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம்.

மூணாவது, தெரியாமல் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள்ள பிளே ஸ்டோரில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நாள் ஆக ஆகக் கஷ்டம். நியாயமில்லாத கட்டணம்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். யாரோ மோசடி செஞ்சு எடுத்திருந்தா 1930, சைபர் குற்ற உதவி எண். ரெண்டையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

நாலாவது, பிள்ளைகிட்ட பேசுங்க. போனைப் பிடுங்கி வைச்சா அடுத்தவன் போனில் ஆடுவான். "மாசம் இவ்வளவுதான், அதுக்கு மேல கிடையாது, எதுக்குச் செலவு பண்ணினேன்னு எழுதிக் காட்டணும்"னு ஒரு கணக்கு வையுங்க. ஒரு பைசாவும் தர முடியாத வீடு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க. வீட்டு நிலைமையைப் புரிஞ்சுக்கிற வயசு அவனுக்கு இருக்கு. 'காசு கட்டாதவன் நூப்பு இல்லடா, காசு கட்டாமல் ஜெயிக்கிறவன்தான் ஆட்டக்காரன்'னு சொல்லுங்க.

அந்த அக்கா விஷயம் என்னாச்சுன்னு கேட்பீங்க. திருப்பிக் கேட்டு எழுதினோம். கடைசி ரெண்டு நாளில் போன 238 ரூபாய் மட்டும் வந்தது. மிச்சம் வரல. குழு அபராதம் போடல. ஒரு மாசம் தவணை தள்ளித் தீர்மானம் போட்டாங்க. அபராதம் போடச் சொன்ன ரெண்டு பேரும் அதில் கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த வாரமே அவங்க வீட்டிலும் பாஸ்புக்கைப் பதிஞ்சு பார்த்தாங்களாம். (சிரிப்பு)

1990களின் தொடக்கத்தில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப, நம்ம அம்மாமாரும் அக்காமாரும் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அன்றைக்குக் கேலி பேசினவங்க எத்தனை பேர்! விழுந்து எழுந்துதான் கத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சந்தைக்குப் போக யாரையும் எதிர்பார்த்து நிற்கல. இந்தப் போனும் அப்படித்தான். பின்னாடி கேரியரில் உட்கார்ந்து போறவரைக்கும் ஓட்டுறவன் போற இடத்துக்குத்தான் போவோம்.

அந்த அக்கா இப்ப ரகசிய எண்ணைத் தானே போடுறாங்க. போன மாசத் தவணையை என் கண் முன்னாலேயே கட்டினாங்க. பையன் பக்கத்துல நின்னு, "சரியாப் போட்டீங்கம்மா"ன்னு சொன்னான்.