கோயிலுக்கு ஒரு யானை

யானை கூட்டமாக வாழும் விலங்கு. கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. அதன் மகள்களும் பேத்திகளும் பொதுவாக அந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை. ஆண் யானைதான் பருவம் வந்ததும் விலகிப்போய்ப் பெரும்பாலும் தனியாகத் திரியும். தமிழ்நாட்டுக் கோயில்களில் கட்டியிருப்பவையோ பெரும்பாலும் பெண் யானைகள். ஒரு நாள்கூடத் தனியாக இருந்து பழகாத உயிரைப் பார்த்துப் பிடித்து, கோயிலுக்கு ஒன்று என்று தனியாகக் கட்டிவைத்திருக்கிறது இந்தச் சமூகம். இந்த மேடையின் வழக்கு அதுதான். அடித்தார்கள், குத்தினார்கள் என்பதெல்லாம் அதற்கு அடுத்தது. முதல் குற்றம், தனியாகக் கட்டியது.

2022 நவம்பர் 30. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலை நடைக்குப் போன இடத்தில் தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்தது. வயது 32. காட்டு யானை 60 வயதைத் தாண்டியும் வாழும். ஊரே திரண்டு வந்து அழுதது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் புதைத்த மண் காய்வதற்குள், டிசம்பர் 8 அன்று, மாநிலங்களவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. உரிமைச் சான்று வைத்திருப்பவர், மதக் காரியத்துக்கோ வேறு எந்தக் காரியத்துக்கோ தன் யானையைக் கைமாற்றலாம், கொண்டுபோகலாம் என்று அதில் ஒரு விலக்கு. வேறு எந்தக் காரியத்துக்கும்! அவையோரே, அந்தச் சொற்களுக்குள் அடங்காத காரியம் உலகத்தில் உண்டா? புலியும் யானையும் சட்டத்தின் ஒரே முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2010இல் தேசிய மரபு விலங்கு என்று யானையை அறிவித்தார்கள். பட்டத்தைக் கொடுத்த அரசே கதவையும் திறந்துவிட்டது.

மனிதச் சமூகங்கள் விலங்கின் குணத்தைப் பார்த்து அதற்கு இடம் கொடுத்ததில்லை. தங்களுக்கு அதனால் என்ன ஆகிறது என்று பார்த்தே இடம் கொடுத்தன. பால் தந்தால் தாய், வாசலைக் காத்தால் பிள்ளை, பயிரை மேய்ந்தால் பகை. யானை இந்த எல்லா இடங்களிலும் ஒரே காலத்தில் நிற்கிறது. அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர் வந்தது. 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலிலும் ஜூனில் தேனி மாவட்டத்திலும் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்; கடைசியில் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில், ஆனைமலை கோழிகமுத்தி முகாமில், காட்டு யானைகளைப் பிடிக்கப் பழக்கிய கும்கி யானை கலீம் 60 வயதில் ஓய்வுபெற்றது. வனத்துறை அணிவகுத்து நின்று மரியாதை செய்தது. ஒன்று குற்றவாளி, இன்னொன்று அரசு ஊழியர், கோயிலில் நிற்பது தெய்வம். மூன்றும் ஒரே இனம். குற்றவாளிக்குக் காடு கிடைத்தது. ஊழியருக்கு ஓய்வும், முகாமில் சக யானைகளும் கிடைத்தன. தெய்வத்துக்கு மட்டும் யாரும் இல்லை.

மாடும் நாயும் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக வளர்ந்து மாறியவை. யானை அப்படி மாறியதில்லை. அது பழக்கப்பட்ட காட்டு விலங்கு. கோயிலில் நிற்கும் யானைக்குப் பின்னால், எங்கோ ஒரு காட்டில், இருபத்திரண்டு மாதம் வரை வயிற்றில் சுமந்து பெற்ற ஒரு தாயின் கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்க ஆள் இல்லை; உடைமையைக் கேட்கத்தான் ஆட்கள். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்று பழமொழியே விலையில்தான் தொடங்குகிறது, விலையில்தான் முடிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் யானை ஜெயமால்யதாவை 2022இல் அசாம் அரசு திருப்பிக் கேட்டது, தமிழ்நாடு கொடுக்கவில்லை. இரண்டு மாநிலங்களும் யாருடைய யானை என்று வாதாடின. அந்த யானைக்கு யார் இருக்கிறார்கள் என்பது பின்னுக்குப் போனது.

கொட்டகையில் நிற்கும் யானையைச் சற்று நேரம் பார்த்தால் ஒன்று புரியும். இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு உடல் எடை மாறிக்கொண்டே இருக்கும். தலை பக்கவாட்டில் ஆடும். சங்கிலி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கருங்கல்லில் ஒரு கீறல் ஒலி எழுப்பும். ‘பாரு, நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுது’ என்று தோளில் இருக்கும் குழந்தைக்குக் காட்டுவார்கள். நாதஸ்வரம் நின்ற பிறகும் அந்த ஆட்டம் நிற்காது. நடக்க இடமும் பழக இனமும் இல்லாத விலங்குக்கு வரும் மனநோயின் அறிகுறி அது என்பது கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். நோயைக் காட்டி நாட்டியம் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது.

துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலமே நேரில் பார்த்தது. 2003இல் முதுமலையில் தொடங்கிய கோயில் யானைகள் புத்துணர்வு முகாம், பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரைக்கு வந்தது. 48 நாள். மண் தரை, ஆற்றுக் குளியல், பக்கத்தில் இன்னொரு யானை. தும்பிக்கையை அடுத்ததன் வாய்க்குள் நீட்டி நலம் விசாரிப்பது யானைகளின் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஆளே இல்லாமல் பத்து மாதத்துக்கு மேல் நின்றவை அவை. 48ஆம் நாள் முடிந்ததும் லாரிகள் வந்தன; லாரிக்கு ஒன்றாக ஏற்றித் திரும்ப அனுப்பினார்கள். மருந்து எது என்று தெரிந்தும் 48 நாளோடு நிறுத்தியவர்களை என்ன சொல்வது? தெரியாமல் செய்த கொடுமைக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்து செய்ததற்குக் கிடையாது!

மரபு, மரபு என்று ஒரு தரப்பு கத்தும். மரபைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். கூண்டுக் கிளிக்கு அதைவிட இரண்டு சொல் கூடத் தெரியும். திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில், 2023 பிப்ரவரியில் இரும்பிலும் ரப்பரிலும் செய்த 800 கிலோ இயந்திர யானையை நடையில் நிறுத்திச் சடங்கு நடத்தியது. யானைத் திருவிழாக்களுக்கே பேர்போன மண்ணில் சாமி கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரப்பு, காட்டில் விட்டால் செத்துப்போகும் என்று பயம் காட்டும். காட்டில் தள்ளிவிடச் சொன்னது யார்? திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையே மீட்ட யானைகளை ஒன்றாக வைத்துப் பராமரிக்கிறது. வழி இருக்கிறது, மனம்தான் இல்லை.

இதில் யானை மட்டும் சாகவில்லை. 2024 செப்டம்பரில் குன்றக்குடியில் கொட்டகை தீப்பிடித்து, கோயில் யானை சுப்புலட்சுமி தீக்காயத்தால் இறந்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் கோயில் யானை தெய்வானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. யானைக்கு மதம் என்றார்கள் சிலர். பெண் யானைக்கு ஆணைப்போல் மதம் பிடிப்பதில்லை என்பதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேசினார்கள். கூட்டம் இல்லாத யானைக்குப் பாகன் ஒருவர்தான் உறவு, காவல், உலகம் எல்லாம். ஒரு மனிதர் ஒரு கூட்டத்துக்கு ஈடாக முடியாது. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியவர்கள் கோபுர நிழலில் பத்திரமாக இருக்கிறார்கள். பாகனின் வீட்டில்தான் விளக்கு அணைந்தது.

2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களும் தனியாரும் இனி யானை வாங்கக் கூடாது என்று வழிகாட்டியது. அந்த உத்தரவை உயிரோடு வைத்திருப்பது பக்தர்களின் கையில் இருக்கிறது. புதிய யானை எந்தக் கோயிலுக்கும் வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். இருக்கும் யானைகளை இரண்டு மூன்றாக ஒரே இடத்தில், மண் தரையில், ஆண்டு முழுவதும் சேர்த்து வைக்க வேண்டும். பாகன்கள் அங்கேயே வேலையில் தொடர வேண்டும். வேறு எந்தக் காரியத்துக்கும் என்ற சொற்கள் சட்டத்திலிருந்து நீங்க வேண்டும். அடுத்த முறை கோயில் வாசலில் காசை நீட்டும் கை ஒரு நொடி நிற்கட்டும். இந்த யானைக்குத் துணை எங்கே என்று அறங்காவலரிடம் கேட்டுவிட்டு, பிறகு சாமி கும்பிடப் போங்கள்.