எழுதாததை எழுதியதாகச் சொன்ன பேரேடு



தலைமையாசிரியருக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என நீங்கள் எண்ணலாம். நாம் பேச வந்தது பதிவேட்டைப் பற்றி. பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் ஒரு பிள்ளையின் உதவித்தொகை என்னவாகும் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டுவதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கப்பெற்றது. இன்று அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தவும் முன்வரலாம். கடைக் கணக்கர் போன்று அது குறிப்பேடும் பேரேடும் வைத்திருக்கிறது. எந்த மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் எழுதும். பேரேட்டில் ஏற்றுவது பிறகு. ஏற்றும் பக்கங்கள் சற்று நேரம் லினக்ஸின் நினைவகத்தில் தங்கியே வட்டுக்குச் செல்லும். ஆதலின், “எல்லாம் வட்டில் ஏறிவிட்டதா?” என்று போஸ்ட்கிரெஸ் கேட்கும். இக்கேள்விக்கு எஃப்சிங்க் என்று பெயர். “ஏறிற்று” என விடை வந்தால் பழைய குறிப்பேட்டைக் கழித்துவிடும்.

2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்னும் நிரலாளர் இதிலுள்ள ஓட்டையை வெளிப்படுத்தினார். வட்டில் எழுத இயலாதபோது லினக்ஸ் “பிழை” என்று ஒருமுறை சொல்லும். ஆனால் ஈஎக்ஸ்டி4 முதலிய கோப்புமுறைகளில், எழுதப்படாத அப்பக்கங்களை எழுதியாயிற்று என்றே குறித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் மறுமுறை கேட்கும். இப்போது “ஏறிற்று” என்று விடை வரும். திருத்தாத விடைத்தாள்களைத் தொலைத்துவிட்ட ஒருவரிடம் “நிலுவை ஏதும் உண்டா?” என்று கேட்பது போன்றது இது. “ஒன்றுமில்லை” என்பார்; அது பொய்யும் அன்று! அவ்விடையை நம்பிக் குறிப்பேடும் கழிக்கப்படும். இழப்பு நேர்ந்ததற்குக் கூக்குரல் ஏதும் எழாது. பின்னர் எவரேனும் கண்டாலும் வட்டின் மீதே பழி விழும்.

குற்றம் யாருடையது என்ற வழக்கு எழுந்தது. லினக்ஸ் தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. எழுதும் நடுவே ஒருவர் யூஎஸ்பி வட்டைப் பிடுங்கிச் சென்றுவிட்டால், அதன் பக்கங்களை நினைவகம் எத்துணைக் காலம் சுமக்கும்? ஆயினும் கேட்ட கேள்வியின் பொருளைத் தவறாகக் கொண்டிருந்தோம் என்பதைப் போஸ்ட்கிரெஸ் தரப்பினர் மறைக்கவில்லை. 2019இல் பிரசெல்ஸ் நகரின் ஃபோஸ்டெம் மாநாட்டில், இருபது ஆண்டுகள் எஃப்சிங்கைத் தவறாகப் பயன்படுத்தியது எங்ஙனம் என்ற வினாவையே தலைப்பாக வைத்து ஓர் உரை நிகழ்த்தப்பெற்றது. தன் பிழையைத் தலைப்பாக இடும் அலுவலகத்தை நாம் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அவ்வாண்டு பிப்ரவரி 14 அன்று வெளியான 11.2 பதிப்பிலும், உடன்வந்த முந்தைய வரிசைகளின் பதிப்புகளிலும் திருத்தம் வந்தது. எஃப்சிங்க் ஒருமுறை தவறினால் மறுமுறை கேட்பதில்லை. முழு இயக்கத்தையும் நிறுத்தி, கழிக்காத குறிப்பேட்டிலிருந்து பேரேட்டை மீண்டும் எழுதிக்கொள்ளும். வேலை சற்று நேரம் தடைப்படும், வரி தொலையாது.

இந்த முடிவு எஃப்டி.சி என்னும் கோப்பில், மிகச் சிறிய செயற்கூறு ஒன்றில் உள்ளது. சி மொழி அறிந்த தம்பி தங்கைகள் ஒரு சனிக்கிழமை நம் பள்ளிக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.