ரேம் போட்ட பிறகும் லேப்டாப் மெதுவாக ஓடுகிறதா?



2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்ட பிறகும் வேகம் வரவில்லையென்றால், வட்டிக்கு வாங்கிப் புதியது எடுக்க ஓடாதீர்கள்.

விண்டோஸ் 10-ல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ஒவ்வொரு டிஸ்க்கையும் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ‘சிஸ்டம் டிஸ்க்: யெஸ்’ என்றிருந்தால், விண்டோஸ் இன்னும் அதிலிருந்துதான் ஓடுகிறது. அதை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றச் சொல்லுங்கள்.

32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது; 64-பிட் போட வேண்டும். கடையில் கொடுக்குமுன் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

இருப்பதைச் சரிசெய்து, வீண்விரயத்தையும் கடனையும் தவிர்ப்போம்.