நெகிழ்வும் அளவும்



பத்தாண்டு நிறைவு விழாவில் என் பிழை ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். ‘வளைந்து கொடுப்பதே வெற்றி’ என்பதற்கு டால்பினின் தோலைப் பல்லாண்டுகள் வகுப்பில் சான்று காட்டினேன். ஒருநாள் இயற்பியல் மாணவி ஒருத்தி எழுந்து, “அது மெய்தானா அம்மா?” என்றாள். விடை தெரியாமல் தேடத் தொடங்கினேன்.

கப்பலின் மேனியை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு முதலில் சீராக ஓடும். பின் சுழல்கள் எழுந்து கொந்தளிக்கும். கொந்தளித்தால் உராய்வு மிகும்; எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். 1936இல் ஜேம்ஸ் கிரே, டால்பின் அத்தனை விரைவாக நீந்த அதன் தசைக்கு ஏழு மடங்கு ஆற்றல் வேண்டும் எனக் கணக்கிட்டார். விடை தோலில் இருக்கலாம் என்று கருதிய ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் கிரேமர், சிறு ரப்பர்த் தூண்கள் தாங்கும் ரப்பர்த் தோலைச் செய்து, இடைவெளிகளில் பிசுபிசுப்பான திரவத்தை நிரப்பினார். நீரில் இழுத்துச் சோதித்து, இழுவை பாதிக்கு மேல் குறைந்தது என்று 1960 வாக்கில் அறிவித்தார்.

பிறர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. நம்பிக்கை தளர்ந்தது. 1985இல் கார்ப்பெண்டர், காரட் இருவரும் கணக்கிட்டு, தக்க பூச்சு கொந்தளிப்பு தொடங்குவதைத் தள்ளிப்போடக்கூடும் எனக் காட்டினர். கொந்தளிப்பு எழுந்துவிட்ட பின்னரோ ஆதாயம் சிறிது: 1997இல் பிரித்தானிய, ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டது 7 விழுக்காடு வரைதான். பூச்சு மிக மென்மையாக இருந்தாலோ, அதுவே அலையெழுந்து இழுவையைக் கூட்டிவிடும்.

டால்பினின் புதிரும் அவிழ்ந்தது. கிரே கணக்கில் கொண்டது சில நொடி வேகத்தை. ஒப்பிட்டதோ நெடுநேரம் உழைக்கும் தசையை. 2014இல் நீர்க்குமிழிகளின் அசைவைக் கொண்டு அளந்தபோது, டால்பினின் தசைக்கே போதிய வலிமை உண்டென்பது தெளிவாயிற்று.

என் உவமை உடைந்ததா? இல்லை, திருந்தியது. நெகிழ்வு வெல்லும், அளவறிந்து நெகிழும்போது மட்டும். அளவு கடந்து குழைந்தால் தானே கொந்தளிப்பாகிவிடும். சொல்லுக்கும் அதுவே நெறி என எண்ணுகிறேன்.

கவிஞர்களே, இயற்கையிடம் உவமையைக் கடன் வாங்குகிறோம். வாங்கிய பொருள் மெய்யா என்று பார்ப்பதும் நம் கடனே. கைத்தட்டலுக்கு முன் அந்த மாணவியின் கேள்வி நம் செவியில் விழட்டும்.