எடை குறைந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?



பிள்ளை இரண்டு கிலோவில் பிறந்தால் நம் வீடுகளில் யாரைப் பிடித்துக் கேட்கிறோம்? "ஒழுங்காச் சாப்பிட்டியாடி?" என்று பெற்றவளைத்தான். நான் கேட்கிறேன்: எல்லோரும் உண்டெழுந்த பிறகு குண்டானில் ஒட்டியிருந்ததை அவள் வழித்துத் தின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? "நிறையத் தின்னா பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டம்" என்று அவள் கையைத் தடுத்தது யார்? வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு, மறுநாள் பழைய கஞ்சி!

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பெருமைப்படுகிறேன். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நம் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 44.4. ஏறியிருக்கிறது, ஐயா, ஏறியிருக்கிறது! முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டி, எடை குறைந்து பிறந்த பிள்ளையின் உயிரைப் பிடித்து வைக்கும். தாய்க்கு இரத்தமில்லாமல் பிள்ளை வயிற்றில் வளராமல் போனதற்கு அந்தப் பெட்டி என்ன செய்யும்?

கர்ப்பிணியின் தாய் சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று நர்சம்மா எழுதியிருப்பார். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார். விழுங்கினால் குமட்டல், மலம் கறுக்கிறது. "பிள்ளையும் கறுப்பாப் பொறக்கும்" என்று யாரோ சொல்ல, மாத்திரை அரிசிப்பானைக்குப் பின்னால் போய்விடுகிறது. விழுங்குகிறவளும் டீயோடு விழுங்குகிறாள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இதை அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது, டீ போட்டுக் கொடுக்கும் மாமியாருக்கும் புருஷனுக்கும் சொல்ல வேண்டும்.

இனி அரசைக் கேட்கிறேன். 1987 முதல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாக 18,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. பதினேழு வயதில் தாலியை அவளா கட்டிக்கொண்டாள்? உடம்பு முற்றாத அந்தப் பெண்ணுக்கும், அடுத்தடுத்துப் பெற்று இரத்தம் வற்றிய மூன்றாம் பிரசவக்காரிக்கும்தான் பிள்ளை எடை குறைந்து பிறக்கும் ஆபத்து அதிகம். அவர்களையே வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? சட்டமன்றத்தில் குழந்தை மணத்தை எதிர்த்துப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி பெயரில், அந்தக் கொடுமைக்கு ஆளான பெண்ணையே தண்டிப்பதா?

வயது வரம்பை எடுத்தால் இளவயதுக் கல்யாணம் பெருகும் என்கிறார்கள். இந்தப் பணத்துக்காக எந்தத் தகப்பனும் மகளைக் கட்டிக்கொடுப்பதில்லை. கல்யாணம் செய்துவைத்தவர்கள்மீது வழக்குப் போடுங்கள். கர்ப்பிணியின் சோற்றில் கை வைக்காதீர்கள்!

வயதும் பிரசவ எண்ணிக்கையும் பார்க்காமல் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்த உதவி வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆண்களே, முதலில் நீங்கள் கை தூக்குங்கள். நாளைக் காலை விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் இந்தத் தீர்மானத்தைக் கொடுப்போம், எல்லோரும் வாருங்கள்.